எட்டு மாதக் கையெழுத்து

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு எட்டு மாதமாக வகுப்பு நடந்தது. பதினைந்து பேர்தான் இருந்தார்கள். எண்ணிக்கை போதவில்லை என்று, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னையும் பிரசாந்தினி டீச்சர் சேர்த்துக்கொண்டார்.

அவர்களில் இராக்கம்மா அக்காவுக்கு ஒரே ஆசை. இனிப் பெருவிரல் வைக்கக் கூடாது. சம்பளத்தன்று தோட்ட ஆபீஸ் கிளாக்கர் அவள் விரலைத் தானே பிடித்து மையில் அழுத்துவார். நகத்தில் சாணியா என்று ஒருமுறை கேட்டார். அது கொழுந்துக் கறை. வரிசையே சிரித்தது. பெயரை எழுதிப் பழக அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது.

போன செவ்வாய்க்கிழமை டீச்சர் பதறிக்கொண்டு வந்தார். வளர்ந்தோர் கல்விக்குப் புதுக் கொள்கையாம். பதுளையிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பாராம். எழுதத் தெரியாதவர்கள் இருந்தால்தான் வகுப்பு நீடிக்கும் என்று யாரோ டீச்சருக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லோரும் விரலே வைக்க வேண்டும் என்றார். மேலே இருப்பவர்கள் கேட்கிற எண்ணிக்கைக்குத் தலை காட்டிப் பழகிய எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. அக்கா மட்டும் முடியாது என்றாள்.

"ஒன்னோட கிறுக்கலுக்காக எங்க படிப்பக் கெடுக்கப் போறியா?" என்றாள் வகுப்பில் கூடப் படிக்கும் இராமையாவின் மனைவி.

வெள்ளிக்கிழமை அதிகாரி சதீசன் வந்து வகுப்பின் பெயர்ப் பட்டியல் தாளை நீட்டினார். ஒவ்வொருவராக விரல் வைத்தோம். அக்கா பேனையை எடுத்தாள். இராமையாவின் மனைவி அவள் முழங்கையைக் கிள்ளினாள். அக்கா பேனையை வைத்துவிட்டு விரலை மையில் அழுத்தினாள்.

சதீசன் பதினாறு ரேகைகளையும் பார்த்தார்.

"எட்டு மாசமா ஆருக்குப் படிப்பிச்சனீங்கள் டீச்சர், தேயிலைச் செடிக்கோ?"

பலன் காட்டாத வகுப்புகளை மூடுவதுதான் புதுக் கொள்கை என்றார்.

"எனக்குக் கையெழுத்து வரும், சேர்," என்ற அக்கா, மை விரலோடு தாளின் ஓரத்தில் எழுதத் தொடங்கினாள். பாதிப் பெயரில் அவர் தாளை இழுத்துக்கொண்டார்.

"விரல் வைச்சாப் பிறகு என்ன கையெழுத்து? தாளைப் பழுதாக்காதேங்கோ."

அவருடைய வாகனம் போன பிறகு எல்லோரும் அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் பேனையைத் தூக்கியதால்தான் அதிகாரிக்குச் சந்தேகம் வந்து வகுப்பே போனது என்றாள் இராமையாவின் மனைவி. மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.