மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

காலை பத்தே காலுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தபோது, லிஃப்ட் மெக்கானிக் ஒரு தண்ணீர் லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் பைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மேம்பாலம் கட்டுகிறோம் என்று நடுவில் தோண்டியதிலிருந்து அந்தச் சாலை தினமும் இப்படித்தான்.

"அண்ணே, அந்த ஏழு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ரெண்டு லேடீஸ். எங்க இருக்கீங்க?"

"நேத்து இந்நேரத்துக்கு எங்க இருந்தேனோ அங்கயேதாம்மா."

அரை மணி நேரத்தில் நகர்ந்தது ஒரு பஸ் நீளம். அடுத்த போனில் ஓர் ஆண்குரல் நடுங்கியது.

"சார், உள்ள மாட்டியிருக்கறது எங்கம்மாவும் என் மனைவியும். ரெண்டு பேரும் பேசி எட்டு மாசம் ஆச்சு."

"பயப்படாதீங்க சார், உள்ள காத்து வரும்."

"என் பயம் காத்தைப் பத்தி இல்ல சார்!"

அதற்கு மேல் மெக்கானிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. பைக்கை ஓரமாக உருட்டிப்போய் ஒரு பஞ்சர் கடையில் விட்டார். பன்னிரண்டு கிலோ கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். குளித்த குளியலெல்லாம் வீணாயிற்று. ஆனால் ஒரு வண்டிகூடத் தன்னை முந்தவில்லை என்று தெரிந்ததும் நடையில் மிடுக்கு ஏறிக்கொண்டது. ஒரு வேன் டிரைவர் ஜன்னல் வழியே, "நானும் வந்துரட்டுமாண்ணே?" என்று ஏக்கமாகக் கேட்டார்.

கட்டடத்தை அடையும்போது மணி பதினொன்று இருபது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் தவித்துக்கொண்டிருந்த, போனில் பேசிய அந்த மகனையும் இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். மெஷின் அறையில் மெயினை அணைத்து பிரேக்கை அவர் தளர்த்திப் பிடிக்க, மகன் சக்கரத்தைச் சுற்றினார். லிஃப்ட் மெல்ல மூன்றாம் மாடிக்கு இறங்கியது.

கீழே வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். மாமியாரும் மருமகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆரஞ்சுத் தோல்கள். மாமியாரின் வீங்கிய கால் மருமகளின் மடியில் இருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா, டிராஃபிக்ல..."

"அதுக்குள்ள வந்துட்டியாப்பா?" என்றார் மாமியார்.

மகன் எட்டிப் பார்த்தார். "அம்மா, ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?"

"எல்லாம் உன்னைப் பத்திதான்டா. நான் சொன்னதா அவகிட்ட, அவ சொன்னதா என்கிட்ட, நீ என்னென்ன சொல்லியிருக்கேன்னு ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்துக்கிட்டிருக்கோம்."

"இன்னும் பாதிகூட முடியல அத்தை," என்று எழுந்தாள் மருமகள்.

மகன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பெண்கள் இருவரும் கைகோத்து, பேசிக்கொண்டே படியேறினார்கள்.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தேய்ந்திருந்த கதவு சுவிட்சை மாற்றி, நான்கு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். போன் மறுபடி அடித்தது.

"அண்ணே, அடுத்த வேலை பஸ் நிலையத்துக்குப் பின்னாடி. எவ்வளவு நேரமாகும்?"

"பைக்லன்னா சாயங்காலம். நடந்துன்னா அரை மணி நேரத்துல வந்துருவேன்மா."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அசையாமல் நின்ற வண்டிகளின் ஓரமாக விசிலடித்தபடி நடந்தார்.