கண்ணாடியில் தட்டிய கை

படம் பார்க்கிறவனைப் பயமுறுத்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்பது எடிட்டரின் கட்சி. பேய் வேண்டாம், ரத்தம் வேண்டாம். ஒரு பெண் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுகிறாள். அதற்கு முந்தைய ஷாட்டில் பின்கதவு திறந்து கிடப்பதை நமக்குக் காட்டிவிட வேண்டும், அவளுக்குக் காட்டக் கூடாது. அவ்வளவுதான். அப்புறம் அவள் தலை வாரினால்கூட நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு பூனையை முதலில் பாயவிட்டு, எல்லோரும் அசடு வழிந்து சிரிக்கும்போது நிஜமான ஆளை உள்ளே விட வேண்டும். அவள் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் இருட்டை வெறுமனே விட்டுவைத்தால் போதும், பார்க்கிறவன் அதில் தானே ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வான். இத்தனை சூட்சுமமும் தெரிந்தவளுக்குப் பயம் எங்கிருந்து வரும்? வராது என்றுதான் அவளும் நம்பியிருந்தாள்.

இந்தப் படத்தின் கதாநாயகி அவளுடைய சொந்தத் தங்கை. வீட்டில் 'சின்னவள்' என்றுதான் கூப்பிடுவார்கள். விளம்பரத்தில் தலையை ஆட்டி ஷாம்பு விற்றுக்கொண்டிருந்தவளை டைரக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதே எடிட்டர்தான். "உன்னை நம்பித்தான் அனுப்பறேன். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றாள் அம்மா. "அம்மா, அது சினிமா. கத்திகூட ரப்பர்" என்று எடிட்டர் சிரித்தாள்.

டைரக்டர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. டீ கொண்டுவருகிறவரைக்கூட 'ஐயா' என்பார். பேச்சு அவ்வளவு மெத்தென்று இருப்பதால் யூனிட்டில் அவருக்குப் 'பஞ்சு' என்று பட்டப்பெயர். ஆனால் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அலமாரி சரியும் காட்சி என்றால் எப்போது சரியும் என்று நடிக்கிறவரிடம் சொல்ல மாட்டார். "தெரிஞ்சா நடிப்பாங்கம்மா, தெரியலன்னா பயப்படுவாங்க. எனக்கு ரெண்டாவதுதான் வேணும்" என்பார். எடிட்டருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? அந்த மாதிரி முகங்கள் கிடைத்தால் வெட்டுகிறவளுக்கு வேலை பாதி மிச்சம்.

ஒரு நாள் குளியல் தொட்டிக் காட்சி வந்தது. வில்லன் சின்னவளின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்துகிறான். அவள் கை வெளியே வந்து தொட்டி விளிம்பைத் தேடி, உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டுகிறது. எடிட்டர் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டாள். முகமே தேவையில்லை, அந்தக் கை போதும். வில்லனின் முதுகை எடுத்தாள், அலறலை எடுத்தாள், இசைக்கு விட்டுவைத்திருந்த இடத்தையும் எடுத்தாள். தண்ணீர்ச் சத்தமும் கையும் மட்டும் மிஞ்சின. பார்க்க வந்த டைரக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சார், அந்தக் கைதான் சீனே" என்றாள் எடிட்டர், பெருமையாக.

அவர் அதை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "அந்தக் கைதான் சீனே. நல்லா சொன்னீங்க." மறுநாளே யூனிட் முழுவதையும் உட்காரவைத்து அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினாராம். எடிட்டருக்குத் தலைகால் புரியவில்லை.

இது நடந்து சில நாள் கழித்து, ஒரு முற்பகலில், அவள் எடிட்டிங் அறையில் தனியாக மூச்சுச் சத்தம் தேடிக்கொண்டிருந்தாள். அதுவும் இந்தத் தொழிலின் ஒரு திருட்டுத்தனம். 'கட்' சொன்ன பிறகும் சவுண்ட்காரர் உடனே நிறுத்த மாட்டார். நடித்து முடித்தவர்கள் இளைக்கும் மூச்சு அதில் சுத்தமாகப் பதிந்திருக்கும். அதைப் பொறுக்கி வைத்துக்கொண்டால் வேறு இடத்தில் ஒட்டலாம். அன்று காலை வந்த டிஸ்க்கில் முந்தைய நாள் ஒத்திகை இருந்தது. கிளைமாக்ஸுக்காக ஆள் உயரக் கண்ணாடித் தொட்டி ஒன்று செய்திருந்தார்கள். மேலே மூடி, பக்கத்தில் ஏணி. அன்று மத்தியானம் அதில் தண்ணீர் நிரப்பிச் சின்னவளை இறக்கி மூடப் போகிறார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'கட்'டுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டாள்.

சின்னவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போகிறாள். கதவு சாத்தும் சத்தம். பிறகு அந்த மெத்தென்ற குரல்.

"நாளைக்கு அவ கண்ணாடியில தட்டினா யாரும் மூடியத் திறக்க வேணாம். நான் கட் சொல்ற வரைக்கும்."

"சார், அது நாங்க வச்சுக்கிட்ட சிக்னல் சார்." இது ஸ்டன்ட் மாஸ்டர். "ரெண்டு தடவை தட்டினா, மூச்சு முட்டுது, நிறுத்துங்கன்னு அர்த்தம். தொட்டி சீன்லயும் பாப்பா அதுக்குத்தான் தட்டுச்சு. நான் நின்ன பக்கம் கை தெரியல, கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"தெரியும். அதனாலதான் அது அப்படி இருந்துச்சு."

"அப்ப வேற சிக்னல் ஏதாவது சொல்லிக் குடுத்துடவா சார்?"

"வேணாம் ஐயா. நடிப்புக்காகவும் தட்டணும்னு சொல்லிட்டேன், சரின்னுச்சு. நிஜமா முட்டும்போதும் அதையேதான் தட்டும். எது எதுன்னு எனக்குத் தெரியும், நான் பாத்துக்கறேன். அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க." பிறகு அவரே தொடர்ந்தார். "எடிட்டரே சொன்னாங்க இல்ல, அந்தக் கைதான் சீனேன்னு."

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அதோடு ஒலி முடிந்தது.

எடிட்டர் ஹெட்போனைக் கழற்றவே மறந்து உட்கார்ந்திருந்தாள். தான் ஆசை ஆசையாகத் தேய்த்துத் துடைத்து மினுக்கிய அந்தக் கை, தங்கை உயிருக்குக் கெஞ்சிய கை. அதைப் பார்த்துத்தான் 'அந்தக் கைதான் சீனே' என்றிருக்கிறாள். இனி அந்தப் பெண் உள்ளே இருந்து தட்டினால், 'புலி வருது, புலி வருது' கதைதான். நிஜப் புலி வரும்போது ஊரே ரசித்துக்கொண்டு நிற்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுவாவது தனக்கு வைத்துக்கொள்வது. இவள் தங்கைக்கு வைத்திருக்கிறாள். பின்கதவு திறந்து கிடப்பது இவளுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறவளுக்குத் தெரியாது.

சின்னவளுக்குப் போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஸ்டன்ட் மாஸ்டருக்கு, மேனேஜருக்கு, எல்லோருக்கும் அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? கதையின் முடிச்சு வெளியே போய்விடக் கூடாது என்று வாசலிலேயே ஒரு பெட்டி வைத்து எல்லோருடைய போனையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள். அந்த யோசனையும் டைரக்டருடையதுதான். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இந்த மாதிரி ஓட்டங்களை அவள் எத்தனையோ வெட்டியிருக்கிறாள். இங்கே ஒருத்தி மூழ்குகிறாள், அங்கே ஒருத்தி காரை விரட்டுகிறாள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் காட்டி, மூழ்குகிறவளின் மூச்சை இழுத்து இழுத்து நீட்டி, காப்பாற்றுகிறவள் கதவை உடைக்கும் வரை அவளைச் சாகவிடாமல் வைத்திருப்பது எடிட்டர்தான். படத்தில் யாரும் சரியான நேரத்துக்கு வந்து சேர்வதில்லை, சேர்க்கப்படுகிறார்கள். இந்தத் தெருவில் அப்படிச் சேர்க்க ஒருவரும் இல்லை. முன்னால் ஒரு லாரி நிதானமாகப் பின்னுக்கு வந்து சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறிய முடியவில்லை. ஸ்டியரிங்கைக் குத்தினாள், ஹாரனை அழுத்தினாள், வாய்விட்டு அழுதாள். லாரிக்காரர் தலையை நீட்டி, "பறந்து போங்கம்மா, யார் வேணாம்னா?" என்றார்.

ஸ்டூடியோ வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே டேக் போகிறது என்று அர்த்தம். விளக்கு அணையும் வரை ஈ, காக்கை நுழையக் கூடாது.

"மேடம், லைட்டு எரியுது. உங்களுக்குத் தெரியாததா?" காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

அந்தக் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

உள்ளே அவ்வளவு அமைதி. ஒரு நல்ல காட்சி நடக்கும்போது மட்டும் வருகிற அமைதி அது, யாரும் எச்சில்கூட விழுங்க மாட்டார்கள். நடுவில் வெளிச்சம் போட்ட கண்ணாடித் தொட்டி. அதற்குள் சின்னவள். தலைமுடி மேலே மிதந்துகொண்டிருந்தது. உள்ளங்கை கண்ணாடியில் பட்டது. இரண்டு தடவை. கொஞ்சம் விட்டு மறுபடியும் இரண்டு தடவை. ஒழுங்காக, சொல்லிக்கொடுத்தபடியே தட்டினாள். தட்டினால் திறப்பார்கள் என்று நம்புகிறவளின் ஒழுங்கு அது. சுற்றி நின்ற அத்தனை பேரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டன்ட் மாஸ்டர் ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு டைரக்டரையே பார்த்தார். டைரக்டர் மானிட்டரைப் பார்த்தபடி, பொறுங்கள் என்பது போல் ஒரு விரலைத் தூக்கி வைத்திருந்தார்.

"கட்!"

வாழ்நாள் முழுக்க வெட்டியே பிழைத்தவள், செட்டில் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டைரக்டரைத் தவிர யாரும் அதைச் சொல்லக் கூடாது. ஆனால் சொன்னது யார் என்று பார்க்கவா அவர்கள் பழகியிருக்கிறார்கள்? சொல் காதில் விழுந்ததும் உடம்பு தானாக அசைந்தது. கேமராமேன் நிமிர்ந்தார். ஸ்டன்ட் மாஸ்டர், யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல, ஏணியில் பாய்ந்தார்.

தூக்கிப் போட்டதும் சின்னவள் தண்ணீரைக் கக்கினாள். துண்டைச் சுற்றியும் நடுக்கம் நிற்கவில்லை. அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்: "ரெண்டு தடவை தட்டினேன்க்கா. நிறைய ரெண்டு தடவை தட்டினேன்."

"தெரியும்டீ. தெரியும்."

டைரக்டர் அருகில் வந்து குந்தி உட்கார்ந்தார். "நல்லா பண்ணினம்மா. உனக்கு ஒண்ணும் ஆகவிட்டிருக்க மாட்டேன்." பிறகு எடிட்டரைப் பார்த்து அதே மெத்தென்ற குரலில், "நீங்க கத்தினதுகூடப் பரவாயில்ல. வேணுங்கறது கிடைச்சிடுச்சு" என்றார்.

சண்டை வேண்டாம் என்று சின்னவள்தான் கெஞ்சினாள். முதல் படம், பெயர் கெட்டுவிடும், அம்மாவுக்குத் தெரிந்தால் ஒடிந்துபோவாள். எடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தாள். தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளைமாக்ஸைத் திரையில் ஓட்டினாள். சின்னவள் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "இதுவரைக்கும் நடிச்சேன்க்கா. இதுக்கப்புறம் நிஜம்." எடிட்டர் அங்கேயே வெட்டினாள். திரை கறுப்பாகிவிடும், தண்ணீர்ச் சத்தம் மட்டும் ஓடும். காட்டாததுதான் அதிகம் பயமுறுத்தும். தொழில்படி பார்த்தாலும் அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

"மீதி எங்கம்மா?" என்றார் டைரக்டர்.

"மீதி படம் இல்ல சார். அது என் தங்கச்சி."

அவர் புன்னகைத்தார். "சரிம்மா. நீங்க சொன்னா சரி." அவ்வளவு சுலபமாகச் சரி என்றதும் அவளுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. வேலை முடிந்த களைப்பில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படம் வெளிவருவதற்கு முன் ஒரு மத்தியானக் காட்சிக்கு முக்கியமானவர்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். தியேட்டர் நிரம்பி வழிந்தது. அக்காவும் தங்கையும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். திரையில் எடிட்டரின் பெயர் பெரிய எழுத்தில் வந்தபோது சின்னவள் முழங்கையால் இடித்துச் சிரித்தாள். பின்கதவு, பூனை, தோளுக்குப் பின்னால் இருட்டு, எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி வேலை செய்தன. கண்ணாடித் தொட்டி வந்தது. தண்ணீர் ஏறியது. எடிட்டர் தான் வெட்டிய இடத்துக்காகக் காத்திருந்தாள்.

கறுப்பு வரவில்லை.

டைரக்டர் வேறொரு எடிட்டரை வைத்து மீதியை ஒட்டியிருக்கிறார். கை கண்ணாடியில் பட்டது. இரண்டு தடவை. மறுபடியும் இரண்டு தடவை. இத்தனை பெரிய திரையில் அந்த உள்ளங்கையின் ரேகைகூடத் தெரிந்தது. அரங்கில் ஒரு சத்தம் இல்லை, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் ஒருவர் மட்டும் தன்னையறியாமல், "ஐயோ, என்னமா நடிக்கிறா!" என்றார். யாரோ கை தட்டினார்கள். அது பரவியது. அரங்கம் முழுவதும் கை தட்டியது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில், இருட்டில், எடிட்டரின் மணிக்கட்டில் ஒரு கை பட்டது. சில்லென்று இருந்தது. அது மெதுவாக இரண்டு தடவை தட்டியது.

அக்கா உடனே எழுந்தாள். தங்கையைத் தோளோடு அணைத்துத் தூக்கி, வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தாள்.

"உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார்கள் பின்னாலிருந்து.

அவள் உட்காரவில்லை.