வேலிக்குள் புகுந்த கால்வாய்

ஏழாவது பாலத்திலிருந்து கயிற்றில் புட்டியை இறக்கும்போது தூறல் தொடங்கியது. ஆற்று நீர் மாதிரி எடுக்கும் நாட்களில் நான் மழைக்கோட்டு போடக் கூடாது; முகத்துக்குக் கிரீம்கூடக் கிடையாது. நாங்கள் தேடும் ரசாயனம் அவற்றிலும் இருக்கும். இருபது பெரிய நீச்சல் குளங்களில் ஒரு சொட்டு கலந்தாலும் ஆய்வகத்து இயந்திரம் பிடித்துவிடும். அது வெயிலில் சிதையாது, கிருமி தின்னாது, கொதிக்கவைத்தாலும் போகாது. மனிதக் கை செய்த ஒன்று இத்தனை உறுதியாக இருக்க முடியுமா என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

எல்லோர் சந்தேகமும் சாயப்பட்டறை மேல்தான். ஆனால் பட்டறையைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கம் போயும் ரசாயன அளவைக் காட்டும் எண் குறையவில்லை. ஆறு வாரம் பாலம் பாலமாக ஏறிப் போனேன். ஒரு சின்னக் கால்வாய் ஆற்றில் விழும் இடத்தில் எண் இருபது மடங்கு எகிறியது. கால்வாயைப் பிடித்துக்கொண்டே நடந்தால், அது ஒரு வேலிக்குள் புகுந்தது. உள்ளே இடுப்புயரப் புல். மூடிப் பன்னிரண்டு வருடமான தீயணைப்புப் பயிற்சி மைதானம். என் அண்ணன் பதினெட்டு வருடம் பயிற்சி கொடுத்த இடம்.

அன்று மாலை அண்ணன் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்க நுரை அடிச்சீங்களாண்ணா?"

"அடிக்காம? பெட்ரோல் தீயில தண்ணி ஊத்தினா இன்னும் பரவும். நுரைன்னா போர்வை போத்தின மாதிரி, மூணு மூச்சுல அடங்கிடும். பார்த்திருந்தா வாயப் பொளந்திருப்ப. வாரத்துக்கு ரெண்டு தடவை..." துடைத்த கை நின்றது. "எதுக்குக் கேக்கற?"

சொன்னேன். அந்த நுரையில்தான் நாங்கள் தேடும் ரசாயனம் இருக்கும் என்பதையும், கால்வாயை ஒட்டிய நாலு தெருக் கிணறுகளிலும் அதே ரசாயனம் இருந்ததையும் சொன்னேன்.

"சைரன் வீட்டுக் கிணறு?"

சைரன் அவருடைய பழைய தீயணைப்பு வண்டி டிரைவர். குரலால் வந்த பெயர்.

"அதுவும்தான்."

அண்ணன் துணியைக் கீழே வைத்தார். "சோப்புத் தண்ணி மாதிரின்னுதான் எங்ககிட்ட சொன்னாங்க. பசங்க அதுலயே கை கழுவுவாங்க."

மைதானத்தின் பழைய பதிவேட்டில் நுரை பற்றி ஒரு வரிகூட இல்லை. தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் மண்ணைத் தோண்டவும் கிணறுகளை மூடவும் உத்தரவு வரும்.

"எழுதினா, ஊரக் கெடுத்தவங்கன்னு எங்களத்தானே பேசுவாங்க?"

"பேசலாம்ணா." பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் சட்டையை மாட்டினார். "முதல்ல அவன்கிட்ட நான் சொல்லணும். பேப்பர் அப்புறம்."

சைரன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். அந்தப் பெருங்குரல் அன்று அடங்கியிருந்தது. "நெருப்புக்குத்தான் பயந்தோம், வாத்தியாரே," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பேத்திக்கு இனிமே எந்தத் தண்ணிம்மா குடுக்கறது?" என்றார்.

இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கிணறுகளை மூடி, தெருக்களுக்கு லாரித் தண்ணீர் வரத் தொடங்கிய வாரம், மைதானத்துக்கு அவர்களே எங்களோடு வந்தார்கள். புல்லை விலக்கி, அடி அளந்து நடந்து, அண்ணன் ஓரிடத்தில் காலை ஊன்றினார். "இதுதான் தீக்குழி. இங்கதான் பெட்ரோல ஊத்திக் கொளுத்தி அணைப்போம்."

குழாயை இறக்கி ஓராள் ஆழம்வரை மண்ணை எடுத்தோம். கருகல் இல்லை, நாற்றம் இல்லை. நல்ல பழுப்பு மண், புது மழை வாசனை. நடுவே ஒரு மண்புழு நெளிந்தது. சைரன் தொடப் போன விரலைப் பாதியில் நிறுத்தினார். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். புழு எங்களைச் சட்டை செய்யாமல், மெல்லத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போனது.