ஆறு மணி நேர ரத்தம்

ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் ‘மைக்’. கையில் மைக் கிடைத்தால் கீழே வைக்க மாட்டார். கிடைக்காத நாளிலும் கிடைத்த மாதிரியே பேசுவார். ரத்தம் எடுக்கும் டெக்னீஷியனுக்குப் பெயர் ‘ஊசி’. பாதி தொழிலுக்காக, மீதி அவள் வாய்க்காக.

ஊசியின் அக்கா ஏழு வருஷமாகப் படுக்கையில் கிடந்தாள். தபால் நிலையத்தில் நாள் முழுக்க நின்றபடி மூட்டை மூட்டையாகக் கடிதம் பிரித்தவள். ஒரு காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது அவளுடைய தெம்பையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. தலை வாரினால் அன்றைக்கு அவ்வளவுதான். குளித்தால் மூன்று நாள் எழ முடியாது. எந்தப் பரிசோதனை எடுத்தாலும் ‘நார்மல்’. ஒரு டாக்டர், “சும்மா படுத்திருந்தா அப்படித்தாம்மா இருக்கும். எந்திரிச்சு நடங்க” என்றார். அக்கா நம்பி இரண்டு வாரம் நடந்தாள். அதற்கப்புறம் நான்கு மாதம், கழிவறைக்குக்கூடத் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

அதனால், நாட்பட்ட சோர்வு நோய்க்கு ரத்தப் பரிசோதனை கண்டுபிடிக்கப் போகிறேன் என்று மைக் அறிவித்தபோது, ஊசிதான் முதலில் கை தூக்கினாள்.

ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, உப்புக் கரைசலில் போட்டு, அவை எவ்வளவு திணறுகின்றன என்று ஒரு கருவி எண்ணாகச் சொல்லும். ஐம்பதுக்குக் கீழே என்றால் ஆரோக்கியம், மேலே என்றால் நோய். நோயாளிகள் முப்பது பேர், நல்ல உடம்புக்காரர்கள் முப்பது பேர். ஒருவர்கூடப் பிசகாமல் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். மைக்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஊசிக்கும் அன்று சந்தோஷம்தான். அக்காவின் எண் எழுபத்தொன்று. “பாத்தியா, நீ நடிக்கலைன்னு மெஷினே சொல்லிடுச்சு” என்றாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “எனக்கு அது முன்னாடியே தெரியும்டி” என்றாள்.

குட்டு உடைந்தது வாட்ச்மேனால். ஆரோக்கியமானவர் கணக்கில் இன்னொருவர் தேவைப்பட்டதால் அவரிடம் காலையில் ஊசி ரத்தம் எடுத்தாள். வேலை மும்முரத்தில் அந்தக் குழாய் மேஜையிலேயே மாலைவரை கிடந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் அறுபத்தெட்டு. வாட்ச்மேனோ பணி முடிந்ததும் மைதானத்தில் இரண்டு மணி நேரம் வாலிபால் ஆடுகிற ஆள்.

ஊசி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நோயாளிகளால் எழுந்து வர முடியாது. அவள்தான் வேனில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஆறு மணி நேரம் கழித்துத் திரும்புவாள். நல்ல உடம்புக்காரர்கள் யார்? பக்கத்து அறை மாணவர்களும் ஊழியர்களும். சட்டைக் கையை மடித்தால் பத்தாவது நிமிஷம் ரத்தம் கருவியில். இத்தனை மாதமும் கருவி அளந்தது நோயை அல்ல, வேன் சவாரியை. அந்த வேனில் உட்கார்ந்திருந்தவள் தானே என்று நினைத்தபோது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தன் ரத்தத்தையே இரண்டு குழாய்களில் எடுத்தாள். உடனே ஓட்டியது முப்பத்தைந்து. ஆறு மணி நேரம் வைத்தது எழுபது. இரண்டு தாளையும் மைக்கின் மேஜையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “உங்க அக்காவுக்கு இந்த நோய் இருக்கில்லம்மா?”

“இருக்கு சார்.”

“அப்ப உங்களுக்கும் லேசா ஆரம்பிச்சிருக்கு. பரம்பரை! அருமையான விஷயம், இதையும் கட்டுரையில சேர்த்துடுவோம்.”

“ஒரே ரத்தம் சார். காலைல நல்லா இருந்துச்சு, சாயங்காலம் நோயாயிடுச்சு. அதுக்குள்ள எந்தப் பரம்பரை வந்துச்சு?”

“ஊசி போடறது உங்க வேலை. யோசிக்கறதுக்குத்தான் நான் இருக்கேனே.”

இருபது வருஷம் படித்து, சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டி வைத்திருக்கும் மனிதர். குழாய் மணிக்கணக்கில் கிடந்தால் ரத்தம் கெடும் என்பது அந்தச் சான்றிதழ்களில் ஒன்றில்கூட இல்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் நிருபர்கள் வந்தார்கள். செய்து காட்ட ஆரோக்கியமான ஆள் ஒருவர் வேண்டும். கேமராக்களைப் பார்த்ததும் மைக் தானே கையை நீட்டினார். ஊசி ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு எடுத்தாள். முதல் குழாய் முப்பத்தொன்று. கைதட்டல். “இந்த வயசிலும் பாருங்க!” என்று மைக் சிரித்தார். இரண்டாவது குழாய், வேனில் ரத்தம் கொண்டுவரும் பெட்டிக்குப் போனது. சாயங்காலம் எண்பத்துநான்கு. அறுபது பேரில் எவருக்கும் அவ்வளவு இல்லை.

கட்டுரையில் பெயர் போட்டிருந்த இளம் டாக்டரம்மாவிடம் அந்தத் தாளைக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். “இதைக் காட்டினா உங்களை இங்க விட்டுவைக்க மாட்டாங்க, தெரியும்ல?”

“தெரியும் மேடம். காட்டுங்க.”

டாக்டரம்மா தாளை மைக்கிடம் காட்டிவிட்டு, தன் பெயரைக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டார். மைக் அசரவில்லை; “குழாய் மாறிப்போச்சு” என்று சொல்லிவிட்டுக் கட்டுரையை வெளியிட்டார். ஊசியைக் கண்ணாடிக் குடுவை கழுவும் அறைக்கு மாற்றினார்கள். ஒரு வருஷத்துக்குள் வேறு இரண்டு ஆராய்ச்சிக்கூடங்கள் அதே பரிசோதனையைச் செய்து பார்த்தன. நோயாளிக்கும் மற்றவருக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. மைக் வெட்கப்பட்டாரா? மாநாட்டு மேடையில் ஏறி, “மாதிரிகளைக் கையாள்வதில் கவனம் வேண்டும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே எச்சரித்து வந்திருக்கிறேன்” என்றார். அதற்கும் கைதட்டினார்கள். இப்போது குடல் கிருமிகளில் இறங்கியிருக்கிறார். கிருமிகள் பாவம்.

எண்பத்துநான்கு கதையை அக்காவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒன்றரை நாள் இருட்டறையில் கிடந்தாள். “பரவால்லடி, நடந்து கெட்டதுக்கு இது எவ்வளவோ மேல்” என்றாள். பிறகு மெதுவாக, “அப்ப என் எழுபத்தொண்ணும் பொய்யா?” என்று கேட்டாள்.

“எண்ணு பொய்க்கா. நீ பொய் இல்ல.”



டாக்டரம்மா வேறு இடத்துக்குப் போய், முதலிலிருந்து தொடங்கினார். ஊசியையும் கூப்பிட்டுக்கொண்டார். இந்த முறை ஒவ்வொரு நோயாளிக்கும் அதே கட்டடத்தில் குடியிருக்கும் நல்ல உடம்புக்காரர் ஒருவர். அதே காலை, அதே பெட்டி, அதே நேரம். எந்தக் குழாய் யாருடையது என்று கருவியை ஓட்டுபவருக்குத் தெரியாது.

முதல் நாள் ஊசி அக்கா வீட்டுக்குத்தான் வந்தாள். மாடி வீட்டு ஓட்டுநர் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பியிருந்தார். அக்கா கையை நீட்டினாள்.

“இதுல ஏதாவது தெரியுமா?”

“தெரியாமலும் போகலாம்க்கா.”

“சரி, எடு” என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி குழாயில் நேரத்தை எழுதினாள்: எட்டு இருபது.