உப்புச் சேறு படிந்த சக்கரம்

"எனக்கு நடுவுல கம்பி வச்ச சைக்கிள்தான் வேணும், பாய்."

வேதாரண்யம் சைக்கிள் கடையில் சுவேதா இப்படிக் கேட்டதும் அவள் அப்பா அய்யாவு தலையைக் குனிந்துகொண்டார். சைக்கிள் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று மகளை வளர்த்தவர் அவர்.

கடைக்காரர் பக்கீர் முகம்மது கூடை வைத்த லேடீஸ் சைக்கிளை உருட்டி வந்தார். "பொம்பளப் புள்ளைக்கு இதாம்மா அழகு."

"கோடியக்கரைக் காட்டுல பறவை கணக்கெடுக்குற வேலை பாய். முள்ளு, மணலு, உப்பளத்து வரப்பு, அப்புறம் தார் ரோடு. அழகை வச்சு மிதிக்க முடியாது."

பாய் சிரித்துக்கொண்டே கம்பி வைத்த மூன்றைக் காட்டினார். மலிவானதில் முன்னும் பின்னும் ஸ்பிரிங். அழுத்திப் பார்த்தாள். "மிதிக்கிற பலத்தையெல்லாம் பின்னாடி ஸ்பிரிங்கே தின்னுடும்." விலை கூடியதோ, கெட்டால் பாகம் சென்னையிலிருந்து வர வேண்டும். நடுவிலையில் ஒன்று நின்றது. முன்னால் மட்டும் ஸ்பிரிங். தார் ரோட்டில் அதைப் பூட்டிக்கொள்ளலாம். பின்பக்கம் கெட்டி. கம்பியைத் தாண்டிக் கால் போட்டு உயரம் பார்த்தாள்.

"வீட்டுல அண்ணன் சைக்கிள் சும்மாத்தானே கெடக்கு" என்று முணுமுணுத்தார் அய்யாவு.

"சும்மாவாப்பா கெடக்கு?"

அவர் முகம் வெளுத்தது.

அது அவர் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி மகனுக்கு வாங்கியது. பெண்கள் தொடக் கூடாதென்று போனிலேயே உத்தரவு. மகன் சென்னைக்குப் படிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், மனைவி சுந்தரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். வீட்டில் இருந்தது பன்னிரண்டு வயதுச் சுவேதாவும் அந்தச் சைக்கிளும்தான். ஓட்டத் தெரியாதவள் உப்பளத்து வரப்பில் நாலு மைல் ஓடினாள். நர்சோடு திரும்பியபோது அம்மாவின் உடம்பு சில்லிட்டிருந்தது.

அதன்பின் பூட்டிப்போட்ட அந்தச் சைக்கிளின் டயரில், விடிந்தால் ஈர உப்புச் சேறு. ஊர் திரும்பிய அய்யாவு தினமும் யாருக்கும் தெரியாமல் துடைத்துவந்தார்.

"நீங்க தொடைக்கிறத நானும் பாத்துக்கிட்டுதாம்பா இருக்கேன். செத்த பொறகு அம்மாவே ஓட்டக் கத்துக்கிட்டாங்க. உசுரோட இருக்கற நான் கத்துக்கக் கூடாதா? காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்பவே கத்துக்கிட்டேன்."

பக்கீர் முகம்மது கையிலிருந்த ஸ்பேனரை ஓசையில்லாமல் கீழே வைத்தார்.

"நீயே ஓட்ட ஆரம்பிச்சுட்டா, அவ இனிமே வரமாட்டாளா, புள்ள?" அய்யாவுவின் குரல் உடைந்தது.

"தெரியலப்பா. ஆனா ஒண்ணு தெரியும். பொண்ணு காலைக் கட்டிப்போட்ட வீட்டுல, ஆபத்துன்னா ஓட ஆளிருக்காது. நீங்க கட்டுனது மானத்தக் காப்பாத்தல, உசுர வாங்கிடுச்சு."

முதல் சம்பளத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சைக்கிளை வெளியே தள்ளினாள். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புது டயர் போன வழியில், காய்ந்த தரைமீது ஈரமாய் ஒரு வெள்ளை உப்புக் கோடு.

அய்யாவு பழக்கத்தில் தோள் துண்டை எடுத்தார். துடைக்கவில்லை. சுவேதா சைக்கிளோடு தெருவில் போய்க்கொண்டிருந்தாள்.