வடிகால் குழாயில் நாலு லிட்டர்

மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் தண்ணீரைப் பற்றி யோசிக்காத முட்டாள்கள். மீதிப் பேர் தண்ணீர் தூக்குவதற்கு ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கும் முட்டாள்கள். முதல் வகை தாகமெடுத்ததும் வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவது வகை மூடாது.

எங்கள் ஓரியன் மலையில் இலையுதிர்காலம் முழுக்க மழை கொட்டும். கொட்டிய அத்தனையையும் சுண்ணாம்புக்கல் விழுங்கிவிடும். ஆகஸ்டில் போனால் நாக்கை நனைக்கச் சொட்டு கிடைக்காது. கிராஹோவோவில் கிளம்பினால் அந்தப் பக்கம் ரிசான் கடற்கரைக்கு இறங்கும்வரை சைக்கிளில் இருப்பதுதான் தண்ணீர். அதனால் இங்கே ஆளாளுக்கு விஞ்ஞானி. ஒருத்தன் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பாட்டிலை டேப்பால் சுற்றி வந்தான். முதல் இறக்கத்திலேயே இரண்டும் பள்ளத்தில். இன்னொருத்தன் துணி சோப்பு வந்த கேனை அரைகுறையாக அலசி ஃபிரேமில் கட்டினான். அன்று பூராவும் வாயோரம் நுரையோடு ஓட்டினான், வெறிநாய் மாதிரி.

நான் அட்டைப்பெட்டி ஒயினை வாங்கிக் குடித்துவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளிப்பையை எடுத்துக்கொள்வேன். அதிலேயே குழாய்த்திருகு இருக்கிறது. லாரித் தார்ப்பாயில் முக்கோணமாக ஒரு உறை தைத்து, பையை அதில் போட்டு, ஃபிரேமுக்கு நடுவில் மாட்டினால் முடிந்தது. தண்ணீர் குறையக் குறைய பையும் சுருங்கும், குலுங்காது. இதில் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, குடிக்கத் தெரிந்தால் போதும்.

பிளாகோட்டாவுக்கு இதைச் சொன்னேன். கேட்கவில்லை. அவன் என் கூம். என் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன். எங்கள் பக்கத்தில் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். திட்டலாம், விட்டுவிட முடியாது.

இரண்டு பேரும் ஒரே கல்குவாரியில் வேலை பார்த்தோம். போன வருஷம் பலகைக்கல் ஒன்று சரிந்து அவன் முதுகைப் பதம் பார்த்தது. முதுகில் ஒரு கிலோகூட ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குவாரி அவனை அனுப்பிவிட்டது. ஆனால் சைக்கிள் ஓட்ட முடிந்தது. ரிசானில் ஹோட்டல் நடத்தும் கோஸ்பவா, ஜெர்மன்காரர்களை மலை தாண்டிக் கூட்டிவர வழிகாட்டி தேடிக்கொண்டிருந்தாள். இவன் போய் நின்றான்.

"பாதை எல்லாக் கழுதைக்கும் தெரியும். என் விருந்தாளிங்களுக்குத் தண்ணி யாரு தூக்குவா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் தூக்குறேன் மொதலாளியம்மா."

"முதுகுலயா?"

"சைக்கிள்ல."

ஞாயிற்றுக்கிழமை கூடவே வந்து பார்ப்பதாக அவள் சொன்னாள். அந்த வேலை கிடைக்காவிட்டால் அவனுக்கு வேறு வேலை கிடையாது. அவன் மனைவி ஸ்டானா ஏற்கெனவே இரண்டு வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் அவன் முற்றத்துக்குப் போனேன். வடிகாலுக்குப் போடும் தடித்த சாம்பல்நிறக் குழாயில் முழங்கை நீளம் வெட்டி, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, அடியில் ஒரு சின்ன குழாய்த்திருகு வைத்திருந்தான். அதை இரும்புப் பட்டிகளால் ஃபிரேமுக்குள் இறுக்கியிருந்தான். சைக்கிளில் ஏறி உட்கார்ந்து காட்டினான், முழங்கால் இரண்டும் வெளியே பிதுங்கின.

"வாத்து முட்டை போடப் போற மாதிரி இருக்குடா," என்றேன்.

"நாலு லிட்டர் கூமே! ஒன் ஒயின் பையி ஒரு முள்ளு குத்துனா காலி. இது யானை மிதிச்சாலும் ஒடையாது."

"ஓரியன்ல யானையப் பாத்திருக்கியா?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

குழாயைக் குலுக்கினேன். உள்ளே ஏதோ சளசளத்தது. மூக்கை வைத்தேன். திராட்சை ராக்கியா, எங்கள் ஊர்ச் சாராயம்.

"கழுவ ஊத்தி வச்சிருக்கேன். புதுப் பாத்திரம்னா ராக்கியாதானே ஊத்தணும்? நாளைக் காலைல வரைக்கும் ஊறட்டும்."

எங்கள் ஊரில் புதுப் பீப்பாயை அப்படித்தான் பழக்குவார்கள். நெஞ்சுவலிக்குத் தடவுவதும் அதுதான், ஜன்னல் கண்ணாடி துடைப்பதும் அதுதான். ராக்கியா போகாத இடம் எங்கள் ஜனங்களின் மூளை ஒன்றுதான்.

"அது ஓக்குமரம்டா. இது பிளாஸ்டிக். பசை ஒட்டி எவ்வளவு நேரமாச்சு?"

"காலைலதான். அதுக்கென்ன? எங்க தாத்தா பாம்புக்கடியவே ராக்கியாலதான் கழுவுனாரு."

"பொழச்சாரா?"

"வேற காரணத்துல செத்தாரு."

நான் கிளம்பத் திரும்பினேன்.

"நாளைக்கு நீ விருந்தாளி மாதிரி வா," என்றான். "அவளுக்குக் கூட்டம் மாதிரி தெரியணும். தண்ணி மட்டும் கொண்டு வராத. விருந்தாளி தண்ணி தூக்கிட்டு வந்தா எனக்குத்தான் அசிங்கம்."

கொண்டு போனேன். காலையில் அவன் குழாயைக் கழற்றிக் குலுக்கி, ராக்கியாவைத் திருகு வழியாகக் கொட்டிவிட்டு, அதே வழியாகத் தண்ணீர் நிரப்பியிருந்தான். என் தார்ப்பாய் உறையைப் பார்த்ததும் முறைத்தான்.

"அதுல என்ன?"

"ஸ்பானர்."

"ஸ்பானர் இப்படித் தொப்பை போடாது."

இதைக் கேட்டுக்கொண்டே கோஸ்பவா வந்துவிட்டாள். ஐம்பது வயது, மோட்டார் வைத்த சைக்கிள். பெடலை நாசூக்காகத் தொட்டால் போதும், ஏற்றத்தில் வண்டியே இழுத்துக்கொண்டு போகும். மலையேறியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளவும் செய்யலாம்.

ஏறினோம். பிளாகோட்டா முழங்காலை அகட்டி அகட்டி மிதித்தான். முகத்தில் மட்டும் படைத்தளபதிக் களை. வெயில் வெள்ளைக்கல்லில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பைன்மரங்கள் முடிந்து மொட்டைப்பாறை தொடங்கும் கணவாயை அடைவதற்குள் கோஸ்பவாவின் பாட்டில் தீர்ந்துவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தகரக்குவளையை நீட்டினாள்.

"எங்க, ஒன் தண்ணிய ஊத்து."

பிளாகோட்டா மண்டியிட்டுத் திருகைத் திறந்தான். ஒரு சொட்டுகூட வரவில்லை. காற்று உள்ளே போக மேலே ஓட்டை போட மறந்திருந்தான். பட்டியை நெம்பிக் குழாயை உருவி, மேல்மூடியைப் பிடித்து முறுக்கினான். பசை காயவே இல்லை போலிருக்கிறது, மூடி சளக்கென்று கையோடு வந்தது. அதோடு வந்தது வாடை. பெயிண்ட் கடையில் திராட்சையை அழுகப்போட்ட மாதிரி ஒரு வாடை.

அவன் மூக்கு சுருங்கியதை நான் பார்த்தேன். தண்ணீர் கெட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டான். அங்கேயே கொட்டிவிட்டு, 'தப்பாப் போச்சு மொதலாளியம்மா, இவன்கிட்ட நல்ல தண்ணி இருக்கு' என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கதை வேறு மாதிரி போயிருக்கும். அதற்கு அவன் வேறு ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

"வழிகாட்டிதான் மொதல்ல குடிக்கணும்," என்றான். தன் குவளையில் ஊற்றி மடமடவென்று குடித்தான். கண்ணில் தண்ணீர் கட்டியது. "ஆகா. ஊத்துத் தண்ணி."

அவள் குவளையிலும் ஊற்றினான். கோஸ்பவா முகர்ந்தாள். அப்படியே கல்லில் கவிழ்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒன் ஸ்பானர் பையில எவ்வளவு இருக்கு?"

"மூணு லிட்டர்."

அவள் என் பையிலிருந்து குடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே பிளாகோட்டா இன்னொரு குவளை ஊற்றினான்.

"போதும்டா, வச்சிடு," என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. நீங்கல்லாம் சும்மா மூக்கச் சுளிக்கிறீங்க." அதையும் குடித்தான். மூன்றாவதைப் பாதி குடித்ததும் எழுந்து பாறைக்குப் பின்னால் ஓடினான். அங்கிருந்து வந்த சத்தத்தில், மேலே வட்டமிட்ட காக்கைகள் கலைந்தன.

கோஸ்பவா கையுறையை மாட்டினாள்.

"நாளைக்கு ஜீப்புல தண்ணி ஏத்தி அனுப்பப் போறேன். அந்த டிரைவரே வழியும் காட்டுவான். பாறைக்குப் பின்னால இருக்கிறவன்கிட்ட சொல்லிடு."

"நீங்களே சொல்லிட்டுப் போங்க."

"இதை வாங்கி ஒரு ஜெர்மன்காரன் மரியாதைக்காகக் குடிச்சிருப்பான். அந்த ஜெர்மன்காரன் பொண்டாட்டிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். நீ இவனோட கூம்தானே? நீயே சொல்லு."

மோட்டார் முனக அவள் ரிசான் பக்கம் இறங்கிப் போனாள். வேலை தரும்போது மட்டும் நேரில் பேசும் ஜாதி.

பிளாகோட்டா சட்டைக்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். உதடு வெளுத்திருந்தது. பாறைநிழலில் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். நான் பையை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயெல்லாம் ஒரு கூமா?" என்றான். "காலைல நான் பாக்காதப்ப என் குழாயக் கொட்டிட்டு ஒன் தண்ணிய ஊத்தி வச்சிருக்கலாம்ல?"

இவ்வளவு நடந்தும் குற்றம் என்மேல்தான்.

"ஒன் குழாயத் தொட்டிருந்தா மண்டைய ஒடச்சிருப்ப."

"ஒடச்சிருப்பேன்தான். ஆனா வேலை கெடச்சிருக்கும்." கீழே கடல் பக்கம் காறித் துப்பினான். "திராட்சை ராக்கியா சரியில்ல கூமே. பிளம் ராக்கியா ஊத்தியிருக்கணும்."

நான் உருண்டு கிடந்த குழாயை எடுத்து அவன் சைக்கிள் ஓரம் வைத்தேன்.

"அவ முடியாதுனு சொன்னாளா? இல்ல, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாளா? சொல்லாமப் போனா யோசிக்கிறானு அர்த்தம்."

ஒன்றும் சொல்லாமல்தான் போனாள் என்று சொல்லிவிடலாம். நாளைக் காலை முகம் மழித்துக்கொண்டு ஹோட்டல் வாசலில் போய் நிற்பான். ஜீப் வரும்.

"முடியாதுனு சொல்லிட்டா."

அவன் தலையை ஆட்டினான். என் கையிலிருந்து பையை வாங்கி, திருகுக்குக் கீழே வாயை வைத்துக் குடித்தான். பாதி கழுத்தில் வழிந்தது. நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான்.

"ஒயின் நாத்தம் அடிக்குது," என்றான். மறுபடியும் குடித்தான்.