கிணற்றுக்கட்டில் ஒட்டிய அறிவித்தல்

எப்போதோ வெளிநாடு போய்விட்ட சிவபாதத்தின் பாழடைந்த வீட்டுக்குக் கதவே இல்லை. அறிவித்தலை எதில் ஒட்டுவது என்று பசை வாளியோடு முழித்துக்கொண்டு நின்றாள் பிரதேச சபை அலுவலர் சயந்தினி. வீட்டுக்கும் காணிக்குமான ஆதன வரி பதினைந்து வருடப் பாக்கி. சபைக் கந்தோரிலிருந்து போன கடிதங்கள் மூன்றும் ஆளில்லை என்று திரும்பிவிட்டன. முப்பது நாளில் பதில் வராவிட்டால் காணி ஏலத்துக்குப் போகும். மண்கும்பான் கிராமத்தில் அந்தப் பக்கத்துக்கே உவர் கலக்காத ஒரே கிணறு அந்தக் காணிக்குள்தான் இருந்தது.

"பிள்ளை, சுவரிலை ஒட்டினா ஆடுதான் வாசிக்கும். கிணத்துக்கட்டிலை ஒட்டும்," என்றாள் தண்ணீர் அள்ள வந்த இராசமணி.

ஒட்டினாள். குடங்களோடு நின்ற பெண்கள் சுற்றிவந்து வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் எல்லாரும் இராசமணியையே பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"சிவபாதம் அண்ணை, நான் இராசமணி. கொஞ்சம் நில்லுங்கோ."

சயந்தினி திகைத்துப்போனாள். "அவரின்ரை நம்பர் உங்களிட்டை இருந்ததோ?"

"ஓம். பன்னிரண்டு வருசமா. பொங்கலுக்குப் பொங்கல் கதைப்பார்."

"அப்ப ஏன் கந்தோரிலை சொல்லேல்லை?"

"ஆள் அகப்பட்டா, வரியைக் கட்டு, ஏலாட்டி வில் எண்டு நெருக்குவீங்கள். வாங்கிறவன் வேலி அடைப்பான். பிறகு நாங்கள் தண்ணிக்கு எங்கை போறது? இப்ப ஏலம் எண்டே வந்திட்டுது, இனி ஒளிக்கேலாது."

சயந்தினிக்கு மெய்சிலிர்த்தது. இங்கே ஓர் ஆடு குட்டி போட்டால் ஈரம் காயுமுன் பக்கத்து ஊரான அல்லைப்பிட்டிக்குச் செய்தி போய்விடும். அப்பேர்ப்பட்ட ஊரில் நாற்பது குடும்பங்கள், தங்களுக்குள் எத்தனையோ எல்லைச் சண்டை, கலியாணச் சண்டைக்கு நடுவிலும், ஒரு நம்பரை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கின்றன. போன மாதம் அவள் வீடு வீடாக விசாரித்தபோது தேத்தண்ணி ஊற்றித் தந்து, "தெரியாது பிள்ளை" என்று எவ்வளவு இயல்பாகச் சொன்னார்கள்! கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போனில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர் தெரிந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, "வாசியும் பிள்ளை," என்றார்.

சயந்தினி கடைசி வரி வரைக்கும் உரத்து வாசித்தாள்.

"கிணத்தைக் காட்டு, இராசமணி."

அவள் போனைக் கிணற்றுக்கு மேலே நீட்டினாள்.

"வாளியை விடச் சொல்லு."

யாரோ கயிற்றைத் தளர்த்தினார்கள். கிழவரின் முகம் திரைக்கு மிக அருகே வந்தது. வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் மேலே வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெறுங்குடங்களை இடுப்பில் வைத்தபடி பெண்கள் அவர் பதிலுக்காக அசையாமல் நின்றார்கள்.